கொற்கை முத்தும் ஒரு கொலைப் படமும்



போன வாரம் பழைய பிரிட்டிஷ் கொலைப் படங்களைப் பற்றி இங்கே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு மஸ்கட்டில் இருக்கும் ஒரு மாணவன் கீழே கேட்டிருந்தான்: "சார், நம்ம 'அந்த நாள்' படம் ஜப்பான் படத்தோட காப்பிதானே?" பெயர் போடவில்லை, அவனுக்கே தெரியும். பத்தாம் வகுப்பில் வரலாற்றுத் தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன். அவனே காப்பியைப் பற்றிக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு வரியில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 'அந்த நாள்' வந்து 70 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொலை செய்தது யார் என்று நான் கீழே சொல்லத்தான் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்தி, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் "சாரால் சுவை கெட்டுப்போச்சு" என்று சண்டைக்கு வரக் கூடாது.

1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' படத்தை வெளியிட்டது. இயக்கியவர் எஸ். பாலச்சந்தர். பின்னாளில் இதே பெயரை ஒட்டிப் புகழ்பெற்ற கே. பாலசந்தரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இவர் வீணை பாலச்சந்தர். அப்போது அவருக்கு வயது 27. கதைநாயகன் சிவாஜி கணேசன், கதைநாயகி பண்டரிபாய். படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. நடனம் இல்லை, சண்டை இல்லை. அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்று: படம் தொடங்கியதும் கதைநாயகன் சுடப்பட்டுச் செத்து விழுகிறான். சிவாஜியைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவன் கண் முன்னால், பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள், சிவாஜி பிணம்.

எங்கள் பெரியப்பா ஒருவர் அந்தப் படத்தை வந்த புதிதிலேயே பார்த்தவர். அவர் சொல்வார்: "பாதிப் படத்துல பின்னால இருந்து ஒருத்தன் எந்திரிச்சு, ஏ அண்ணாச்சி, பாட்டு எப்பம் வரும்னு கேட்டாம்ல." அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனால் படம் முதலில் ஓடவில்லை என்பது உண்மை. பாட்டு எங்கே, நடனம் எங்கே என்று பல ஊர்களில் ஜனங்கள் கோபப்பட்டிருக்கிறார்கள். பிறகு மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்து, மறுபடி திரையிட்டபோதுதான் மதிப்பு வந்தது.

அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் நம் ஊர்க்காரர் ஒருவர்தான்.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளை உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் என் வகுப்பில் தூங்கியிருக்கிறீர்கள். 1867-ல் நம் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழ் நாடக உலகின் தந்தை என்று நாடகக்காரர்கள் இன்றைக்கும் கும்பிடுகிறவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் தமிழ்நாட்டுக் கம்பெனிகள் எல்லாம் ஆடின. சிறுவர்களை மட்டும் வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைப் பருவத்தில் சேர்ந்தார்கள். சுவாமிகளின் நாடகத்தில் பாட்டு என்பது அலங்காரம் இல்லை, அதுதான் நாடகம். ராஜா கோபப்பட்டால் பாட்டு, ராணி அழுதால் பாட்டு, வேடன் வழி கேட்டால் பாட்டு.

பேசும் படம் வந்தபோது இந்த மேடை அப்படியே திரைக்குப் பெயர்ந்து உட்கார்ந்தது. 1934-ல் சுவாமிகளின் 'பவளக்கொடி' எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்துப் படமாக வந்தது. அதில் ஏறத்தாழ 50 பாட்டு. அடுத்த 20 வருடம் தமிழ்ப் படத்தின் வேர் மேடையில்தான் இருந்தது. ஏவி.எம். காரைக்குடியில் எடுத்த 'நாம் இருவர்' (1947) நாடகம். சிவாஜி அறிமுகமான 'பராசக்தி' (1952) நாடகம். 'அந்த நாள்' வருவதற்கு ஆறே வாரத்துக்கு முன்னால், 1954 மார்ச் 3-ல் வந்த 'மனோகரா', பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய பழைய நாடகம். அதே வருடம் தீபாவளிக்கு வந்த 'ரத்தக் கண்ணீர்', எம்.ஆர். ராதா ஊர் ஊராக ஆடிய நாடகம். 'மனோகரா'வில் சங்கிலியால் கட்டப்பட்டு சிவாஜி கர்ஜித்த கர்ஜனை காதில் இருந்து போவதற்குள், அதே சிவாஜி சாதாரண மேல்சட்டை போட்டுக்கொண்டு, தணிந்த குரலில், நம்ப முடியாத ஒரு ஆளாக வந்து நின்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

ஆனால் பாருங்கள், 'அந்த நாளு'ம் முதலில் நாடக எழுத்துதான். பாலச்சந்தர் அதை நாடகமாக எழுதி வானொலிக்குக் கொடுத்தார். அகில இந்திய வானொலி வேண்டாம் என்று திருப்பிவிட்டது. அப்புறம்தான் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் போனார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதினார். அவரேதான் படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் வருகிறார். என் வயசுக்காரர்களுக்கு அவரை 'உடல் பொருள் ஆனந்தி' எழுதியவராகத் தெரியும். குமுதம் வரும் நாளில் வீட்டில் அடிதடி நடக்கும், அத்தை முதலில் படிப்பதா அம்மா முதலில் படிப்பதா என்று. முதலில் வேறு நடிகர்களை வைத்து எடுத்துப் பார்த்து, சரிப்படாமல், கடைசியில்தான் சிவாஜி உள்ளே வந்தார். எடுத்த சுருளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கச் சம்மதித்த செட்டியாரின் துணிச்சலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கொலையுண்ட ராஜன் படத்தில் யார் தெரியுமா? ஒரு ரேடியோ என்ஜினீயர். ஏழைக்கும் கிடைக்கிற மலிவு விலை ரேடியோவைக் கண்டுபிடித்தவன். சர்க்கார் அவனைக் கண்டுகொள்ளவில்லை. வானொலி திருப்பி அனுப்பிய நாடகத்தில் இப்படி ஒரு பாத்திரம்! இது தற்செயலா, எழுதியவரின் குறும்பா என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இனிக் காப்பி விஷயத்துக்கு வருவோம்.

அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950-ல் வந்தது. அடுத்த வருடம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. 1952-ல் இந்தியாவில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது சென்னைக்கும் படங்கள் வந்தன. ஒரு கொலையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாலச்சந்தருக்கு இந்த யோசனை வந்தது என்பது சினிமா வரலாறு எழுதுகிற எல்லோரும் சொல்வது. சரி. ஆனால் அதே 1950-ல் பிரிட்டனிலும் ஒரு படம் வந்தது. ஆண்டனி ஆஸ்குவித் இயக்கிய 'தி வுமன் இன் கொஸ்டின்'. கடற்கரை ஊர் ஒன்றில் குறி சொல்லிப் பிழைக்கும் ஒரு பெண் கொலையாகிக் கிடக்கிறாள். போலீஸ் அதிகாரி ஐந்து பேரை விசாரிக்கிறார். ஐந்து பேர் கண்ணிலும் அவள் ஐந்து விதமான பெண். ஒருவர் சொல்லும்போது அவள் மரியாதையான சீமாட்டி, இன்னொருவர் சொல்லும்போது குடிகாரி. அத்தனையையும் ஜீன் கென்ட் என்ற ஒரே நடிகை நடித்தார்.

'ராஷோமோன்' படத்தில் கடைசிவரை உண்மை எது என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. மனிதன் தனக்கே பொய் சொல்லிக்கொள்கிறவன் என்பதோடு படம் நின்றுவிடுகிறது. பிரிட்டிஷ் படத்தில் அப்படி இல்லை. அதிகாரி கடைசியில் கொலையாளியைப் பிடிக்கிறார். 'அந்த நாளு'ம் அப்படித்தான், சிவானந்தம் விடமாட்டார். ஆகவே உறவு முறை பார்த்தால், நம் படம் ஜப்பான் படத்துக்குத் தம்பி இல்லை, ஆஸ்குவித் படத்துக்குத்தான் நெருங்கிய பங்காளி. பங்காளி என்றால் காப்பி என்று அர்த்தம் இல்லை. மூக்கு ஒரே மாதிரி இருக்கும், புத்தி வேறாக இருக்கும்.

1954 என்ற வருடமே இப்படி ஒரு வருடம். பிரிட்டனில் ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகம் அந்த வருடம்தான் படமானது. ஒரு பணக்காரக் குடும்பம் விருந்து முடித்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டி உள்ளே வருகிறார். ஒரு ஏழைப் பெண் விஷம் குடித்துச் செத்துப்போனாள் என்கிறார். அப்பா, அம்மா, மகள், மகன், மருமகனாக வரப் போகிறவன் என்று ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கக் கேட்க, அவள் சாவில் அத்தனை பேர் கையும் இருப்பது வெளியே வருகிறது. கத்தி எடுத்துக் குத்தியவர் யாரும் இல்லை, ஆனால் கொலைதான். பிரெடரிக் நாட் எழுதிய 'டயல் எம் ஃபார் மர்டர்' நாடகத்தை ஹிட்ச்காக் அமெரிக்காவில் படமாக்கியதும் அதே வருடம். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' 1952 நவம்பரில் மேடையேறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கூடம், நாலைந்து பேர், ஒரு அதிகாரி, ஒரு பொய். அந்தக் காலத்து மேடைக்கு இது போதும். செலவும் குறைவு. அந்த அமைப்பு சென்னை வடபழனி வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதுதான் வரலாறு.

நம் படத்தில் யார் யார்? பக்கத்து வீட்டுச் சின்னையாப் பிள்ளை, செத்தவனின் தம்பி, தம்பி பெண்டாட்டி, ராஜனோடு தொடுப்பு வைத்திருந்த நாட்டியக்காரி அம்புஜம், மனைவி உஷா. ஒருவர் வாக்குமூலம் அடுத்தவர்மேல் விரல் நீட்டும். ஒவ்வொருவர் சொல்லும்போதும் ராஜன் வேறு ராஜனாக இருப்பான். கேமராவும் அதற்கேற்றபடி இடம் மாறும், வெளிச்சம் மாறும். எஸ். மாருதிராவ் ஒளிப்பதிவு. கறுப்பு வெள்ளையில் கறுப்புக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அந்தப் படத்தில்தான்.

கதை நடக்கும் நாள் முக்கியம். 1943 அக்டோபர் 11. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானம் ஒன்று சென்னைக்கு வந்து குண்டு போட்ட இரவு. பெரிய சேதம் இல்லை. அந்த இரவு விடியும்போதுதான் ராஜன் சுடப்படுகிறான். பேரப்பிள்ளைகளுக்கு இது ஏதோ சினிமாக்காரர் கற்பனை மாதிரி இருக்கலாம். இல்லை. 1942 ஏப்ரலிலேயே சென்னை பாதி காலியாகிவிட்டது. ஜனங்கள் சட்டி பானையோடு ரயிலேறி ஊருக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிச் சாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

நம் ஊருக்கு அந்த பயம் இன்னும் கிட்டத்தில் இருந்தது. தேசப்படத்தை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தூத்துக்குடிக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாள் கழித்துத் திருகோணமலை. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், கொழும்புக்குத் தோணி ஓட்டியவர்கள் இல்லாத குடும்பம் நம் கடற்கரையில் அப்போது எத்தனை இருந்திருக்கும்? எங்கள் தாத்தா தோணியில் தண்டல். ஆச்சி சொல்வாள், "மாதா கோயில்ல ஈஸ்டர் பூசை முடிஞ்சு வந்தவுக எல்லாம் கடக்கரையிலயே நின்னுக்கிட்டு இருந்தாவ, கடலையே பாத்துக்கிட்டு" என்று. வீட்டு விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியதையும் சொல்வாள். இப்போது இருக்கும் பெரிய துறைமுகம் அப்போது இல்லை. அது 1974-ல்தான் பெருந்துறைமுகம் ஆனது. அன்றைக்குக் கப்பல்கள் ஆழம் இல்லாத காரணத்தால் மைல் கணக்கில் தள்ளி நிற்கும், தோணிதான் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கும். இருட்டில் நடுக்கடலில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் அது யாருடைய கப்பல் என்று கரையில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த பயத்துக்கு உள்ளேதான் படத்தின் ரகசியம் இருக்கிறது. சர்க்கார் தன்னை மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் ராஜன் ஜப்பான்காரனுக்கு ரேடியோ வழியாகத் துப்புக் கொடுக்கிறான். சொந்த ஊர்மேல் குண்டு விழ வழி காட்டுகிறான். அது அவன் மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் தேசபக்தி உள்ளவள். கெஞ்சிப் பார்க்கிறாள், அவன் கேட்கவில்லை. அவளுடைய கையில் இருந்த துப்பாக்கியிலிருந்துதான் அந்தக் குண்டு புறப்பட்டது. அது எந்த நொடியில், எப்படிப் புறப்பட்டது என்பதை நான் சொல்ல மாட்டேன். அதையாவது படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பராசக்தி'யில் சிவாஜிக்கு வழி காட்டிக் கைப்பிடித்த அதே பண்டரிபாய் இங்கே சுடுகிறார்! 1954-ல் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஆசிரியர் புத்தி சும்மா இருக்காது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும், இரண்டாயிரம் வருடக் கதைக்குள்.

தமிழில் இருக்கும் மிகப் பழைய கொலை விசாரணை எது? சிலப்பதிகாரத்தில் வருவது. ஒருவன் திருடன் என்று கொல்லப்பட்டுவிட்டான். அவன் மனைவி அரசன் முன்னால் போய் நிற்கிறாள். வாக்குமூலம் ஆகாது, சாட்சி ஆகாது, பொருள் ஆதாரம் வேண்டும். பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் பரல் என்ன? முத்து. கண்ணகியின் சிலம்புக்குள்? மாணிக்கம். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிந்தது. பாண்டியன் அரண்மனையில் முத்து எங்கிருந்து வந்தது என்று நான் வகுப்பில் கேட்பேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவீர்கள், "கொற்கை சார்!" என்று. நம் ஊருக்குத் தெற்கே, இப்போது கடல் விலகிப்போய்க் கிராமமாகக் கிடக்கும் அதே கொற்கை. அந்த வழக்கின் பின்விளைவும் கொற்கையில்தான். அங்கே இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்று சிலம்பின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். அதை நான் வகுப்பில் சொல்லும்போது பெண் பிள்ளைகள்தான் முதலில் முகம் சுளிப்பார்கள். சரியான பிள்ளைகள்.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'கோவலன்' இந்தக் கதைதான். பாதி ராத்திரிக்கு மேல் மேடையில் கண்ணகி தலைவிரி கோலமாக வரும்போது தாய்மார்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். அவள் யார்? கணவனுக்காக ஊரை எரித்தவள். இப்படியே பழகிய கண்கள் முன்னால் உஷா வந்து நிற்கிறாள். இவள் ஊருக்காகக் கணவனைச் சுட்டவள். கண்ணகியை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டு இல்லாததுதான் படம் ஓடாததற்குக் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதிப் பாதி உஷா.

நம் கடற்கரையில் இது இன்னும் உறைக்கும். முத்துக் குளிக்கிறவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பாகம் பத்துப் பாகம் கீழே இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான், மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். ஒரு நொடி தாமதம் என்றால் உயிர் போச்சு. அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுப்பதில்லை, பங்காளிக்குச் சொத்தில் கண் இருக்கலாம். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன் தன் அக்கா தங்கை தாலி அறுவதைப் பார்க்க மாட்டான். அந்த நம்பிக்கையில்தான் கடலுக்கு அடியில் போகிறான். 1928-க்குப் பிறகு நின்று கிடந்த முத்துக்குளிப்பு, 'அந்த நாள்' வந்த மறுவருடம் 1955-ல் மறுபடி நடந்தது. 1961 வரை நடந்து அதோடு முடிந்தது. ஒருவனுடைய உயிர்க் கயிறு பெண்டாட்டி வீட்டார் கையில் என்று வாழ்ந்த ஊரில், பெண்டாட்டியே கயிற்றை விடுகிற கதையை எப்படி உட்கார்ந்து பார்ப்பது? என் பெரியப்பா கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: "அவன் செஞ்சது தப்புத்தாம்டே. ஆனா அவ செய்யலாமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. அதற்கு முன் வேறு ஒரு விஷயம், அதுதான் இந்தப் படத்தில் எனக்கு உறுத்துகிறது.

படத்தில் ராஜன் சாகும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால், 1943 செப்டம்பர் 10-ல், அதே சென்னைச் சிறையில் நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர பர்தன், பௌஜா சிங். மலேயாவில் பயிற்சி பெற்று இந்தியாவுக்குள் அனுப்பப்பட்டவர்கள். அப்துல் காதர் 1942 செப்டம்பரில் ஜப்பான் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் தானூரில் இறங்கியவர். வெள்ளைக்காரன் பார்வையில் அவர்கள் எதிரிக்குத் துப்புக் கொடுக்க வந்தவர்கள். நம் பார்வையில் தியாகிகள். போர் முடிந்ததும் செங்கோட்டையில் ஐ.என்.ஏ. வழக்கு நடந்தபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. நேதாஜி படையில் மலேயாத் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர்! நம் பக்கத்துக் குடும்பங்களிலும் போனவர்கள் உண்டு.

அப்படி இருக்க, 1954-ல் சுதந்திர இந்தியாவில் எடுத்த படம், ஜப்பானோடு சேர்ந்த ஒருவனைத் துரோகி என்கிறது. அவனைச் சுட்டவளைத் தேசபக்தை என்கிறது. இது எப்படி? ஜாவர் சீதாராமன் கெட்டிக்காரர், இந்த வலையில் மாட்டாமல் தாண்டுகிறார். ராஜன் விடுதலைக்காகச் சேரவில்லை. தன் கண்டுபிடிப்பை யாரும் மதிக்கவில்லை என்ற சொந்தக் காயத்துக்காகச் சேர்கிறான். தானூரில் இறங்கியவர்கள் உயிரைக் கொண்டுவந்தார்கள், இவன் ஊரை விற்றான். வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திரைக்கதைக்கு உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கிறது. ஜனங்கள் ராஜன் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்று. அதனால்தான் அவனுக்கு ஒரு தொடுப்பையும் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். மனைவிக்குத் துரோகம் செய்தவன், நாட்டுக்கும் துரோகம் செய்வான் என்று நாம் சுலபமாக முடிவு கட்டிவிடலாம். அந்த அம்புஜம் இல்லாமல், நல்ல கணவனாக, அன்பான அண்ணனாக ராஜன் இருந்து, அப்போதும் உஷா கையில் அந்தத் துப்பாக்கி இருந்திருந்தால்? அது இன்னும் பெரிய படம். என் கணக்கில் 'அந்த நாளு'க்கு 85 மதிப்பெண் கொடுப்பேன். 15 அங்கேதான் போனது.

நாட்டுக்காகக் கொலை என்ற கேள்வி நம் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். ஆஷ் உட்கார்ந்திருந்த முதல் வகுப்புப் பெட்டியில் அவர் மனைவியும் கூட இருந்தார். வ.உ.சி. அப்போது சிறையில். 1961-ல் பி.ஆர். பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தபோது அந்தக் காட்சியும் படத்தில் வந்தது. தியேட்டரில் கைதட்டல் இருந்திருக்கும். வாஞ்சிக்குக் கை தட்டுகிறோம், கட்டபொம்மனுக்குக் கை தட்டுகிறோம், உஷாவுக்கு மட்டும் ஏன் தொண்டை அடைக்கிறது? அவள் சுட்டது வெள்ளைக்காரனை இல்லை என்பதாலா, அவள் பெண் என்பதாலா?

பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அவ செய்யலாமான்னு கேக்கீகளே, வேற யாருக்கு அது தெரியும் பெரியப்பா? அவன் ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். போலீசுக்குப் போயிருந்தா அவன் கழுத்துல கயிறு. போகலைன்னா ஊரு மேல குண்டு. எந்தப் பக்கம் திரும்புனாலும் அவ தாலி போச்சு." அவர் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம் என்று எங்கள் பெரியம்மா சொல்வாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பாலச்சந்தர் அதற்குப் பிறகும் 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) என்று துப்பறியும் படங்கள் எடுத்தார். 'நடு இரவில்' அகதா கிறிஸ்டியின் கதையைத் தழுவியது. 'பொம்மை'யில்தான் கே.ஜே. ஜேசுதாஸ் தமிழில் அறிமுகமானார். பாட்டே வேண்டாம் என்று படம் எடுத்தவர் கையால் தமிழுக்கு அப்படி ஒரு பாட்டுக்காரர் கிடைத்தார். அதற்குப் பிறகு சினிமாவை விட்டுவிட்டு வீணையோடு முழுதாகப் போய்விட்டார். 1990 ஏப்ரல் 13-ல் காலமானார். 'அந்த நாள்' வெளியான அதே தேதி, 36 வருடம் கழித்து.

படம் இணையத்தில் கிடைக்கிறது. ஒருமுறை பார்த்தவர்கள் இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை ராஜனை விட்டுவிட்டுப் பண்டரிபாயின் முகத்தை மட்டும். முதல் காட்சியிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியாது. மஸ்கட்காரனே, பார்த்துவிட்டுக் கீழே எழுது. இந்தத் தடவை பக்கத்துப் பையனைப் பார்க்காமல்.